கறுப்புச் சாறியும் எட்டாமிடத்துச் செவ்வாயும்

படத்தில் இருந்தவள் நான்தான் என்பது பிடிபட எனக்குச் சற்று நேரம் எடுத்தது. முகத்தில் பாதி இருட்டு. மற்றப் பாதியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். ஒரு கண் மட்டும் நேரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணில் இரக்கம் என்ற சாமானே இல்லை. கையில் துணி வெட்டுகிற பெரிய கத்திரிக்கோல், பின்னால் புகை. ஸ்ரூடியோவின் இருட்டறைக் கயிற்றில் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தப் படம் தொங்கியது.

"ஐயோ, இது ஆரடி?" என்றேன்.

"நீதான். இவ்வளவு நாளும் இவளை எங்கை ஒளிச்சு வைச்சிருந்தனீ?" என்றாள் படம் எடுத்த என் சினேகிதி.

எங்கள் இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடம், வகுப்பில் ஒரே வாங்கு. அவளுடைய அண்ணன்மார் ஒருவர் பின் ஒருவராக வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். தகப்பனுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. திருகோணமலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த ஸ்ரூடியோ அவள் தலையில் விழுந்தது. யுத்த காலத்தில் எல்லாத் தொழிலும் படுத்தாலும் ஸ்ரூடியோவுக்கு மட்டும் வேலை கூடியது. அடையாள அட்டைக்குப் படம், ஊர் விட்டு ஊர் போகப் பாஸ் எடுக்கப் படம், வெளிநாட்டுக்கு ஓடப் படம். எல்லாம் ஒரே படம்தான். நேரே பார்க்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக்கூடாது, சிரிக்கக்கூடாது. சிரிக்கச் சொன்னாலும் அந்த நாட்களில் எவர் சிரித்தார்? "நான் முகம் எடுக்கேல்லையடி, காது எடுக்கிறன்" என்று அவள் அலுத்துக்கொள்வாள்.

நான் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தேன். முதலாளி நல்ல மனிசன், ஆனால் சாமான் வாங்கத் தெரியாதவர். கொழும்புக்குப் போனவர், மலிவாகக் கிடைத்தது என்று ஒரு கட்டுக் கறுப்புச் சாறிகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கரையும் இல்லை, பூவும் இல்லை, தனிக் கறுப்பு. எங்கள் சனம் கறுப்பை எந்த நல்ல நாளுக்கு உடுக்கும்? கலியாணத்துக்கு ஏலாது, கோயிலுக்கு ஏலாது, தீபாவளிக்கு ஏலாது. செத்த வீட்டுக்கென்றாலும் வெள்ளைதான். அவை அலுமாரியின் மேல்தட்டில் கிடந்து தூசு பிடித்தன. முதலாளி அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த நாட்களில்தான் சினேகிதியின் மச்சான் ஒருவன் வழுவழுத்த தாளில் ஒரு பாஷன் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அவனுக்கு வேலை. யாரோ வெள்ளைக்காரர் அறையில் விட்டுப் போனதாம். அவள் அதைக் கடைக்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே பக்கம் பக்கமாக ஒரே மாதிரிப் பெண்கள். நீளக் கறுப்புச் சட்டை, கையில் உறை, ஒரு கண்ணை மறைக்கும் தொப்பி, ஜன்னல் சட்டங்களின் நிழல் முகத்தில் வரிவரியாக. ஒருத்தியின் கையில் சின்னத் துவக்குக்கூட இருந்தது. நான் பயந்து புத்தகத்தை மூடிவிட்டேன்.

"இதுகள் பழைய இங்கிலிசுக் குற்றப் படங்களைப் பாத்து எடுத்ததுகள்" என்றாள் அவள். அண்ணன் விட்டுப்போன வீடியோக் கசற்றுகளில் அப்படி இரண்டு மூன்று இருந்தன. கரண்ட் வருகிற நாட்களில் அவற்றைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பாள். கதை விளங்காது, வெளிச்சம் விளங்கும் என்பாள். "அந்தப் படங்களிலை ஒரு பொம்பிளை வருவாள். வடிவெண்டா அப்பிடியொரு வடிவு. ஆனா அவளை விரும்பின ஆம்பிளை ஒருத்தனும் உருப்படமாட்டான். மானம் போகும், தொழில் போகும், கடைசியிலை உயிரும் போகும். இப்ப பாஷன் படம் எடுக்கிறவை அவள் உடுத்த மாதிரி உடுத்தி, அவள் நிண்ட மாதிரி நிக்கவைச்சு எடுக்கினம்."

"மோகினிப் பேய் எண்டு சொல்லன்."

"மோகினிக்குக் கால் இல்லை. இவளுக்குக் குதி உயர்ந்த செருப்பிருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிய வாயில் கசப்புத்தான் மிஞ்சியது. "கட்டினவனைக் கொல்லுறதுக்குத் தொப்பியும் உறையும் எதுக்கடி? என்ரை சாதகம் ஒண்டு போதுமே" என்றேன்.

எனக்கு எட்டில் செவ்வாய். பெண்ணின் சாதகத்தில் எட்டாமிடம் தாலியின் இடம் என்பார்கள். அங்கே செவ்வாய் ஏறி இருந்தால் கட்டுகிறவனுக்கு ஆயுசு கட்டை என்று எங்கள் சனம் நம்பும். அதே குற்றமுள்ள மாப்பிள்ளை கிடைத்தால் ஒன்றையொன்று வெட்டிப்போடும். செவ்வாய்க்குச் செவ்வாய். இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

அம்மாவுக்கும் அதே எட்டில் அதே செவ்வாய். அப்பா சாதகம் ஒன்றும் பாராமல் விரும்பிக் கட்டினவர். மூதூருக்குப் படகில் போன ஒரு நாள், எந்தப் பக்கத்தில் இருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாத வெடி பட்டுச் செத்தார். செத்தவீட்டில் அப்பாவின் தமக்கை, என் மாமி, ஒப்பாரிக்கு நடுவில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "எட்டிலை செவ்வாயை வைச்சு என்ரை தம்பியைத் திண்டிட்டாளே!" நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வயது. கேட்ட அதிர்ச்சியில் எனக்கு அழுகையே நின்றுவிட்டது. அம்மா தலை நிமிரவில்லை. சுற்றியிருந்த பெண்களில் ஒருவராவது மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடலிலும் கரையிலும் அத்தனை துவக்குகள். அப்பாவைக் கொன்றது மட்டும் அம்மாவின் சாதகமாம்! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

அதன்பின் அம்மா இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்து என்னை வளர்த்தார். காலையில் வேலைக்குப் போகிறவர்களின் முன்னே விதவை வந்து சகுனம் கெடக்கூடாதென்று பின் ஒழுங்கையால் நடப்பார். நான் வேலை செய்த கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. கலியாணக் கூறைப்புடவை எடுக்க வருகிற கடை. "என்னாலை உன்ரை முதலாளி சனத்திட்டைப் பேச்சுக் கேக்கக்கூடாது" என்பார்.

அந்த அம்மாதான் கோயில் கோயிலாகவும் தரகர் தரகராகவும் அலைந்து, கடைசியில் ஒரு மாப்பிள்ளையைக் கண்டுபிடித்திருந்தார். கிளிவெட்டிப் பக்கத்துப் பெடியன், அரசாங்க உத்தியோகம், முக்கியமாக அவனுக்கும் செவ்வாய். சாத்திரியார் இரண்டு சாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். முறையாக வந்து பெண் பார்ப்பதுதான் மிச்சம். அம்மா இடியப்பம் பிழியும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடத் தொடங்கியிருந்தார். இது கைதவறினால் இன்னொரு செவ்வாய்க்கு நாங்கள் எங்கே போவது? ஊரில் இளம் பெடியன்களே அரிதாகிக்கொண்டிருந்த காலம்.

இந்த நிலைமையில்தான் சினேகிதி முதலாளியிடம் போய், "உங்கடை கறுப்புச் சாறியளை நான் வித்துத் தாறன். ஒரு படம் எடுத்துக் கடையிலை மாட்டவேணும்" என்று சொல்லிவிட்டாள். உடுத்து நிற்பதற்கு நான். முதலாளி தலையைச் சொறிந்தார். "கலியாணம் பேசுற பிள்ளையெல்லோ. முகம் தெரியக்கூடாது."

"பாதி முகம் இருட்டிலைதான் முதலாளி."

பாதி முகத்தை வைத்தே ஒரு ஊர் முழுவதும் ஆளை அடையாளம் காணும் என்று எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. கெட்டிக்காரர்கள்!

படம் பிடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஜன்னல் நிழலுக்கு முதலில் ஒரு தென்னோலைக் கிடுகைத் தூக்கி விளக்கின் முன்னால் பிடித்தாள். என் முகம் அம்மை போட்ட மாதிரி வந்தது. பிறகு துறைமுகத்துக்குச் சாமான் வந்த பலகைப் பெட்டி ஒன்றைத் தேடிப்பிடித்தாள். சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அடித்த பெட்டி. அதன் வழியே விட்ட வெளிச்சம் அப்படியே புத்தகத்தில் இருந்ததுபோல் வரிவரியாக விழுந்தது. அடுத்தது துவக்கு. விளையாட்டுத் துவக்கு ஒன்று வாங்குவோமா என்றாள். "உனக்கென்ன விசரா? ஆமிச் சென்றியிலை நிக்கிறவனுக்கு அது விளையாட்டெண்டு ஆர் சொல்லுறது?" என்றேன். அதனால் கடையிலிருந்து கத்திரிக்கோல் வந்தது. சிகரெட் புகைக்குப் பதிலாக சாமிப்படத்துக்குக் கொளுத்தும் ஊதுபத்தி. அடையாள அட்டைப் படத்துக்கென்று வைத்திருந்த கறுப்பு வெள்ளை பிலிமில் மிஞ்சியதுதான் பிலிம்.

"இப்ப பார்" என்றாள். "உன்ரை மாமி செத்தவீட்டிலை சொன்னாவே, அதை நினைச்சுக்கொண்டு பார்."

நான் நினைத்தேன். அவள் கமராப் பொத்தானை அமத்தினாள். அப்படி வந்ததுதான் அந்தக் கண்.

கடையின் நடுச் சுவரில் அந்தப் படம் ஏறிய முதல் நாள் சனம் உள்ளே வந்து திடுக்கிட்டு நின்றது. ஒரு ஆச்சி "சிவசிவா" என்று நெஞ்சில் கைவைத்தார். முதலாளிக்கு வேர்த்தது. ஆனால் அடுத்தடுத்த நாட்களில் ஒரு புதினம் நடந்தது. அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்யும் பெண்கள், ரீச்சர்மார், கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண்கள் என்று ஒவ்வொருவராக வந்து, படத்தைக் கடைக்கண்ணால் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அந்தக் கறுப்பைக் காட்டுங்கோ" என்றார்கள். எங்கே உடுக்கப் போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. மேல்தட்டு காலியாகத் தொடங்கியது. எனக்கோ தலைகால் தெரியவில்லை.

அந்தத் தலைக்கனத்தில் இருந்த ஒரு முற்பகல், வயதான ஒரு அம்மா தனியே வந்தார். நெற்றியில் திருநீறு, கையில் குடை. வொயில் சாறி காட்டச் சொன்னார். நான் எடுத்து விரித்தேன். சாறியைவிட என்னைத்தான் அதிகம் பார்த்தார். எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை சகோதரம், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவியோ என்றெல்லாம் கேட்டார். கடைக்கு வருகிற சனம் கதை கேட்பது வழக்கம்தானே. பிறகு சுவரில் இருந்த படத்தைக் கண்டார்.

"இது ஆர் பிள்ளை?"

"நான்தான் அம்மா! வடிவா இருக்கோ?"

"ஏன் மோனை இப்பிடியொரு பார்வை?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "இது இங்கிலிசுப் படத்திலை வாற பொம்பிளை மாதிரி எடுத்தது அம்மா. இவளைக் கட்டினவன் தப்பமாட்டான், ஆள் முடிஞ்சுது!" என்று சிரித்தேன். "கத்திரிக்கோல் அதுக்குத்தான்."

அந்த அம்மாவின் கையிலிருந்த வொயில் மெல்ல மேசைக்கு இறங்கியது. வெறுங்கையோடு போகக்கூடாதென்று முகம் துடைக்கிற ஒரு லேஞ்சியை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறையாகப் பெண் பார்க்க வருமுன், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் முன்பின் தெரியாதவர் மாதிரி வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போவார். கோயிலில் பார்ப்பார்கள், பஸ் நிலையத்தில் பார்ப்பார்கள், வேலை செய்கிற இடத்தில் சாமான் வாங்குவதுபோல் வந்து பார்ப்பார்கள். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். என் புத்தி அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ.

தரகர் வந்தது அடுத்த நாள் பின்னேரம். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லிவிட்டிருக்கினம்" என்றார். எங்கள் ஊரில் வேண்டாம் என்பதை எவரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. பழியைச் சாதகத்தின் தலையில் போட்டுவிடுவார்கள்.

"பொருந்தினதெண்டு அவையின்ரை சாத்திரியார்தானே சொன்னவர்?" என்றார் அம்மா.

தரகர் என்னைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் கக்கிவிட்டார். லேஞ்சி வாங்கிப் போனவர் மாப்பிள்ளையின் தாய். "பிள்ளை தன்ரை வாயாலையே சொன்னதாம், கட்டினவன் தப்பமாட்டான் எண்டு. குறை நினைக்காதேங்கோ. தாய் ஒருத்தனை முடிச்சது போதாதோ, மகளுமோ எண்டு அந்த மனிசி கேட்டவ."

அந்தச் சொல்லை மீண்டும் ஒருமுறை, எங்கள் வீட்டுக்குள்ளேயே, எங்கள் கதிரையில் இருந்துகொண்டு ஒருவர் சொன்னார். சொல்ல வைத்தவள் நான். அம்மா தரகருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். விடிய எழும்பி வழக்கம்போல் மா குழைத்தார். நான் கடைக்குப் போய்விட்டேன்.

நல்ல வெயில் ஏறிய நேரம். ஒரு கலியாண வீட்டார் வந்து, பாய் விரித்து அமர்ந்து, கூறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசல் இருண்டது. நிமிர்ந்தேன். அம்மா!

வெள்ளைச் சீலையோடு, பின் ஒழுங்கையால் அல்ல, முன் வாசலால், பட்டப்பகலில் உள்ளே வந்தார். கூறையை மடியில் வைத்திருந்த பெண் அதைச் சட்டென்று இழுத்து அணைத்துக்கொண்டாள். அவளுடைய தாயின் முகம் சுருங்கியது. அம்மா எவரையும் பார்க்கவில்லை. நேரே படத்தின் முன்னால் போய் நின்றார்.

கிழித்துப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். முதலாளியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். ஓடிவந்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, இப்பவே கழட்டுறன்" என்று கையை நீட்டினார்.

"கழட்டவேண்டாம் தம்பி. கிடக்கட்டும்."

இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் திரும்பி, "இதை எடுத்த பிள்ளையின்ரை கடை எங்கை?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை. வெளியே இறங்கி நடந்தார். நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். "அம்மா, அவளிலை பிழை இல்லை, நான்தான் வாய் விட்டனான், என்னை ஏசுங்கோ!" என்று வழி முழுக்கக் கெஞ்சினேன். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

ஸ்ரூடியோவில் சினேகிதி என் முகத்தைப் பார்த்ததுமே வெளிறிவிட்டாள். தரகர் போன கையோடு நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். என்றாலும் சமாளித்துக்கொண்டு, "வாங்கோ அன்ரி. அடையாள அட்டைக்கோ?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை." அம்மா ஸ்ரூலில் போய் இருந்தார். "என்ரை மகளை எடுத்த மாதிரி என்னையும் ஒண்டு எடு."

நாங்கள் இரண்டுபேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"என்ன பாக்கிறியள்? ஆளைத் தின்னுறவள், ஆளைத் தின்னுறவள் எண்டு இத்தனை வருஷமா ஊர் சொல்லுது. அவள் எப்பிடி இருப்பாள் எண்டு நானும் ஒருக்காப் பாக்க வேணும்."

அந்த நிமிடம்வரை அந்தச் சொல்லை அம்மா மறந்துவிட்டார், காலம் ஆற்றிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான்! ஒவ்வொரு விடியலிலும் பின் ஒழுங்கையில் அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டுதான் அவர் நடந்திருக்கிறார்.

சினேகிதி மூலையிலிருந்த பலகைப் பெட்டியைத் தூக்கி வந்தாள். விளக்கைத் திருப்பினாள். வெள்ளைச் சீலையில் கோடுகள் விழுந்தன. அம்மாவின் முகத்தில் பாதி இருட்டுக்குள் போனது. கைப்பழக்கத்தில் அவள், "அன்ரி, காது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

நான் ஊதுபத்தியைக் கொளுத்தினேன். பிறகு மேசையில் கிடந்த, படம் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்து அம்மாவிடம் நீட்டினேன். படத்துக்கு அது வேண்டும்தானே.

அம்மா அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

"உது வேண்டாம். நான் வெறுங்கையாலைதானே திண்டனான்."

அம்மாவின் அந்தப் படம் இப்போது என் வீட்டில், அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அந்த மாப்பிள்ளை பிறகு வரவே இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைக் கண்டால் முதலில் அந்த ஒற்றைக் கண்ணைத்தான் பார்த்துத் திடுக்கிடுவார்கள். நான் கைகளைப் பார்ப்பேன். இரண்டும் மடியில் விரிந்து கிடக்கின்றன. நகங்களின் ஓரத்தில் அன்று காலை குழைத்த இடியப்ப மா காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.